கார் ஸ்டார்ட் ஆகவில்லை, மீட்டரில் லைட் எரிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் நான். காலை ஏழு மணிக்கு வரும் போன் பெரும்பாலும் "ஸ்டார்ட் ஆகல" என்றுதான் ஆரம்பிக்கும். டாக்டரிடம் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வது போலத்தான் இதுவும். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டால்தான் நோய் தெரியும். நான் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல வருடமாக என்னிடம் வந்த சந்தேகங்களையும் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல், டீசல் கார்களைப் பற்றியது. எலக்ட்ரிக் கார் இதில் இல்லை.

அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல. பேட்டரி மாத்திடவா?

கொஞ்சம் பொறுங்கள். சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வந்தது? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தால் கரன்ட் போதவில்லை. "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டார், அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தம் இல்லை. சத்தமே இல்லையென்றால் கிளட்ச்சை முழுதாக மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி அல்லது என்-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதியடி நகர்ந்து கிளட்ச் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹெட்லைட் எரியுது, ஹாரன் அடிக்குது. ஆனா திருப்பினா டிக் டிக் மட்டும்தான். அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு?

இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் போதும். செல்ஃப் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். டம்ளரில் தண்ணீர் பிடிக்க முடிகிறது என்பதற்காகத் தொட்டி நிறைய இருக்கிறது என்று சொல்ல முடியாதே. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் சட்டென்று மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனை, பிடிப்பு சரியில்லை. லைட் மங்காமல் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சுவிட்ச் பழுது.

டெர்மினலைச் சும்மா சொல்லவில்லை. போன மாதம் ஒருவர், செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, பணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டேன். தளர்ந்த வளையல் மாதிரி கையோடு சுழன்றது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. சமையல் சோடா கலந்த சுடுதண்ணீர் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் முடுக்கினேன். முதல் திருப்பலிலேயே வண்டி எழுந்தது. இதை நீங்களே செய்யலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பேட்டரி வாங்கி மூணு வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள போயிடுமா?

நம் ஊர் வெயிலில் போகும். குளிர் நாட்டில் பேட்டரியின் பலவீனம் குளிரில் தெரியவரும். ஆனால் அதன் ஆயுளைத் தின்பது சூடு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு மூன்றிலிருந்து நான்கு வருடம் கிடைத்தாலே நல்லது. தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் போகும். ஸ்டார்ட் செய்யச் செலவான கரன்ட் திரும்ப ஏறவே அந்தத் தூரம் போதாது.

சந்தேகம் இருந்தால் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் நம்ப முடியாது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால், முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியாக இருந்தும் அப்படி விழுந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். அது காட்டாவிட்டால் குறை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவில். புதுப் பேட்டரி போட்டாலும் இரண்டே நாளில் படுத்துவிடும்.

சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து திரும்ப எழும் வசதி உள்ள கார்களுக்கு அதற்கென்றே செய்த பேட்டரி உண்டு. விலை குறைவு என்று சாதாரணமானதைப் போடாதீர்கள். ஒரு வருடத்திலேயே அழும்.

பக்கத்து வண்டியிலேருந்து வயர் போட்டு எடுக்கலாமா? எதை முதல்ல மாட்டணும்?

எடுக்கலாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். அப்புறம் கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை உங்கள் வண்டி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கவ்வ விடுங்கள். பேட்டரியிலேயே ஏன் கூடாது என்று கேட்பார்கள். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். எழுந்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணினா தப்பா?

மேனுவல் கியர் வண்டியில், பேட்டரி மட்டும்தான் குறை என்றால், அவசரத்துக்கு ஒரு தடவை பரவாயில்லை. சாவி ஆன், இரண்டாவது கியர், வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விடுங்கள். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது, இரண்டும் கல் மாதிரி இருக்கும். இறக்கமான தெருவில் இதற்காகவே வேண்டாம். இரண்டு மூன்று தடவை தள்ளியும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் தள்ளிப் பயனே இல்லை.

செல்ஃப் சூப்பரா சுத்துது சார், ஆனா இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது.

பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் வரவில்லை, அல்லது வண்டி உங்கள் சாவியை ஏற்கவில்லை. கடைசியிலிருந்து பார்ப்போம். மீட்டரில் சாவி படமோ, கார் மேல் பூட்டுப் படமோ மின்னிக்கொண்டே இருந்தால் வண்டியின் திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியால் முயற்சி செய்யுங்கள். சாவிக்கொத்தில் இரண்டு கார் சாவி சேர்ந்து தொங்கினாலும் சில சமயம் குழம்பும்.

அது இல்லையென்றால் ஏசி ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சாவியை ஆன் மட்டும் செய்து காதைக் கொடுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடிக்கு "ங்ங்..." என்று பம்ப் ஓடும் சத்தம் வரும். வரவில்லை என்றால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சிஎன்ஜி வண்டிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். "கேஸ்லதானே ஓடுது" என்று பெட்ரோல் டேங்கைக் காய விட்டால் பம்ப் சூடேறிக் கருகும். கால் டேங்காவது எப்போதும் இருக்கட்டும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி. சாவி பாக்கெட்லயே இருக்கு, சாவி இல்லைன்னு சொல்லுது.

சாவிக்குள் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கும். பல சாவிகளில் சிஆர்2032 என்ற எண்தான். வாட்ச் கடையில் கிடைக்கும். அதுவரை, பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியையே பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பல கார்களில் எழும். சில கார்களில் சாவி வைக்க வேறு இடம் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

சாவி போட்டதும் மீட்டர்ல எல்லா லைட்டும் எரியுதே, பயமா இருக்கு.

அப்படித்தான் எரிய வேண்டும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பெரும்பாலானவை சில நொடிகளில் அணையும். ஆயில், பேட்டரி, இன்ஜின் லைட்டுகள் ஸ்டார்ட் ஆனதும் அணையும். அணையாமல் நிற்பதுதான் செய்தி. எரிய வேண்டியது எரியாமல் இருப்பதும் செய்திதான், அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

டீசல் வண்டியில் ஸ்பிரிங் மாதிரி ஒரு மஞ்சள் படம் வரும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது அது மின்னினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சிவப்பு வந்தா நிக்கணும், மஞ்சள் வந்தா போகலாம். சரிதானே?

சிவப்பு வந்தால் நிற்க வேண்டும், அது சரி. மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்ட வேண்டும், ஒரு விதிவிலக்கும் உண்டு, கீழே வருகிறது. பச்சையும் நீலமும் தகவல் மட்டும். மாருதியின் சில சிறிய கார்களில் காலையில் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம் எரியும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். அது அணையும் வரை ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஓட்டுங்கள், போதும். அதே படம் சிவப்பானால் கதை வேறு.

அலாவுதீன் விளக்கு மாதிரி ஒண்ணு எரியுது. அடுத்த பங்க்ல ஆயில் ஊத்திக்கலாமா?

அடுத்த பங்க் வரை போகாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். அந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லையென்றால் இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசுகின்றன. ஒரு சில நிமிடம் போதும், இன்ஜின் இறுகி நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி உடனே அணையுங்கள்.

சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் வாங்கிவரச் சொல்லி அங்கேயே ஊற்றி, லைட் அணைகிறதா என்று பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் டோ வண்டிதான். சென்சார் பழுதாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சோதிக்க உங்கள் இன்ஜினைப் பணயம் வைக்க வேண்டாம். டோ செலவு ஆயிரங்களில் முடியும். இன்ஜின் வேலை லட்சத்தைத் தொடும்.

ஓடும்போது பேட்டரி படம் எரிஞ்சுது. வீடு வரைக்கும் போயிடலாமா?

முதலில் மீட்டரில் சூட்டைப் பாருங்கள். பேட்டரி படம் என்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. அதற்கு ஒரு காரணம் பெல்ட் அறுந்தது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் போயிருந்தால் சற்று நேரத்தில் இன்ஜின் சூடாகும், அதனால் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பாருங்கள். பெல்ட் இருக்கிறது, சூடும் ஏறவில்லை என்றால் ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்தி, இருக்கும் பேட்டரியில் பக்கத்து ஊர் வரை போகலாம். பகலில் தூரம் அதிகம் வரும், இரவில் ஹெட்லைட் தின்றுவிடும். நடுவில் அணைத்துவிடாதீர்கள், திரும்ப எழாது.

டெம்பரேச்சர் சிவப்பாயிடுச்சு, ஆவி வருது. தண்ணி ஊத்தினா சரியாயிடுமா?

ஏசியை நிறுத்துங்கள், ஓரங்கட்டி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்டு 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர். மூடி திறந்த நொடியில் அத்தனையும் முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் துணி போட்டு மெதுவாகத் திறந்து, கூலன்ட்டோ அவசரத்துக்கு நல்ல தண்ணீரோ ஊற்றலாம். குறைந்தது ஏன் என்று தெரியாமல் நெடுந்தூரம் போகாதீர்கள்.

இன்ஜின் படம் மஞ்சளா எரியுது. ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது.

நிலையாக எரிந்தால் ஓட்டலாம், ஆனால் இந்த வாரத்துக்குள் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த பழுது எண்ணைப் படிக்கும் கருவி, போட்டுப் பாருங்கள். மின்னினால் அதுதான் நான் சொன்ன விதிவிலக்கு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அந்தப் பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்குகிறது. வேகத்தைக் குறைத்து, முடிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்கேனரில் வரும் எண் நோயின் பெயர் இல்லை, அறிகுறி. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை அது சொல்லாது. முதல் காயிலை இரண்டாவதோடு மாற்றி மாட்டினால், எண் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. காசில்லாத சோதனை இது. எண்ணைப் பார்த்ததும் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் "எப்படிச் சோதிச்சீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா அந்த லைட் போயிடும்னு சொல்றாங்களே?

பல வண்டிகளில் போகும். கூடவே, பழுது நடந்த நேரத்தில் வேகம், சூடு, இன்ஜின் சுழற்சி எவ்வளவு என்று வண்டி குறித்து வைத்த விவரமும் அழியும். எங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அது. பழுது அப்படியே இருப்பதால் லைட் சில நாளில் திரும்ப வரும்.

ஏபிஎஸ் லைட் எரியுது. பிரேக் பிடிக்காதா?

ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும். அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கலாம், மழையில் கவனம். சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள்.

சிவப்பு மட்டும் என்றால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். ஆகவே ஆயிலை ஊற்றிவிட்டு மறந்துவிடாமல், பேட்டையும் கசிவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்குக் கழுவினோம், அப்புறம் ஏர்பேக் லைட் எரியுது.

அக்டோபரில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர்கள் இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் இழுத்து, வேக்குவம் குழாயை நுழைத்துச் சுத்தம் செய்யும்போது அது லேசாக அசைந்திருக்கும். ஆனால் நீங்களே கை வைக்காதீர்கள், அது வெடிக்கும் பொருளோடு இணைந்த வயர். லைட் எரியும் வரை விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். கூடவே ஹாரனும் அடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் வயர் அறுந்திருக்கலாம்.

இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஈரத் துணியால் துடைத்துச் சந்தனம் வைத்தாலே பளிச்சென்று இருக்கும்.

ஒரே நேரத்துல நாலஞ்சு லைட் எரியுது. ஸ்டீயரிங் கூட டைட்டாயிடுச்சு. மொத்தமா போச்சா?

நாலைந்து பாகங்கள் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவானது கரன்ட். வோல்ட் குறைந்தால் எலக்ட்ரிக் ஸ்டீயரிங், ஏபிஎஸ் எல்லாம் ஒவ்வொன்றாகப் புகார் சொல்லும். மேலே சொன்ன வோல்ட் கணக்கையும் டெர்மினலையும் முதலில் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் எலி வயரைக் கடித்திருக்கலாம். நின்றுபோன வண்டியின் பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டி ஓரத்தில் தேங்காய் நார், பிஸ்கட் கவர், கடித்த வயர்த் துணுக்கு எல்லாம் சேர்த்து அழகாகக் கூடு கட்டியிருக்கும். குப்பைத்தொட்டி பக்கம் நிறுத்தாதீர்கள். ஓடாத வண்டியானாலும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

ஊருக்குப் போய் வந்தா வண்டி செத்துக் கிடக்கு. பேட்டரி புதுசு.

அணைத்த வண்டியும் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அந்தக் கணக்கில் நான்கு வாரம் தாங்கும். ஸ்டார்ட் செய்யும் தெம்பு அதற்குப் பாதியிலேயே போய்விடும். நின்றிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்து நாளில் காலி. வெளியில் வாங்கிப் பொருத்தியதை எல்லாம் முதலில் சந்தேகப்படுங்கள். நீண்ட நாள் போவதாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

காலைல ஒரே திருப்பல்ல எழுது. சூடா இருக்கும்போது கடைக்குப் போயிட்டு வந்தா எழவே மாட்டேங்குது. அரை மணி கழிச்சுத் தானா சரியாயிடுது.

அலைய வைக்கும் பழுது இது, ஏனென்றால் மெக்கானிக்கிடம் போவதற்குள் ஆறிவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால் இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். சுற்றும்போது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்த தடவை நடக்கும்போது மீட்டரை மொபைலில் வீடியோ எடுங்கள். ஒரு மணி நேர விளக்கத்தை விட அந்தப் பத்து நொடி உதவும். செல்ஃப் சுற்றவே கஷ்டப்படுகிறது என்றால் செல்ஃப் மோட்டார்.

வெள்ளத்துல வண்டி மூழ்கிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. சென்னையில் 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வெள்ளத்தில் பிழைத்த இன்ஜின்கள் இந்த "ஒரு தடவை"யில் போயின. தண்ணீரை இன்ஜினால் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். சாவியை ஆன் கூடச் செய்யாதீர்கள். எட்டினால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்று போட்டோ எடுங்கள், இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி டோ செய்யுங்கள். இன்ஜினுக்கான தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில், ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள்.

பழைய கார் வாங்கப் போறேன். மீட்டர்ல ஒரு லைட்டும் இல்ல, சுத்தமா இருக்கு. நம்பலாமா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியை ஆன் மட்டும் செய்து பாருங்கள். இன்ஜின் லைட்டும், அந்த வசதிகளோடு வந்த வண்டி என்றால் ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகளும் அப்போது எரிந்தாக வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம். ஒரு வண்டியில் மீட்டரைப் பிரித்தபோது ஏர்பேக் படத்துக்குப் பின்னால் கறுப்பு டேப்பை அந்த அளவுக்கே கத்தரித்து ஒட்டியிருந்தது. அந்த வண்டியில் ஏர்பேக்கே இல்லை, ஸ்டீயரிங் நடுவில் வெறும் மூடி.

இன்னொரு தந்திரம், நீங்கள் வருவதற்கு முன் ஸ்கேனரால் அழிப்பது. அதையும் பிடிக்கலாம். ஸ்கேனரில் வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று ஒரு பக்கம் வரும். பாதிக்கு மேல் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பேச்சைத் தொடரலாம்.